சமூகவியலுக்குப் புதியவரா? முதல் 12 வாரங்களை வீணாக்காமல் தொடங்க ஒரு வழிகாட்டி

சமூகவியலை நான் தப்பான முனையிலிருந்து தொடங்கினேன். முதல் ஒரு வருடம் வரையறைகளை மனப்பாடம் செய்வதிலேயே போனது. சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட மூவரில் டர்க்கைம் என்ன சொன்னார், வேபர் என்ன சொன்னார், மார்க்ஸ் எங்கே வேறுபட்டார் என்று மூன்று நோட்டுகள் நிரம்பின. அப்புறம் ஒரு சின்ன ஆய்வு செய்து வரச் சொன்னார்கள். எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது, கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கஷ்டப்பட்டு எடுத்த எட்டு நேர்காணல்களைக் கடைசியில் பயன்படுத்தவே முடியாமல் போனது. காரணத்தை 5-ஆவது படியில் சொல்கிறேன். நீங்கள் ஒரு படிப்பில் சேர்ந்திருந்தாலும் சரி, சொந்தமாகப் படிக்க நினைத்தாலும் சரி, கீழே இருக்கும் வரிசையில் போங்கள். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கினால் 12 வாரத்தில் ஒரு சிறு ஆய்வு உங்கள் கையில் இருக்கும்.

1. எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

சமூகவியல், சமூகப் பணி, சமூக அறிவியல் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. சமூக அறிவியல் பெரிய குடை. பொருளியல், அரசியல், மானுடவியல், சமூகவியல் எல்லாம் அதற்குள் வரும். சமூகப் பணி ஒரு தொழிற்பயிற்சி, துன்பத்தில் இருப்பவருக்கு நேரடியாக உதவக் கற்றுத்தருவது. சமூகவியலில் அந்தப் பயிற்சி கிடைக்காது. மனிதர்கள் கூடி வாழும்போது உண்டாகும் ஒழுங்குகள் எப்படி நிலைக்கின்றன, யாருக்கு அவற்றால் லாபம், எப்போது அவை உடைகின்றன என்று கண்டுபிடிக்கும் வழி கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஆராய்ச்சி முறைக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை தாள்கள், களப்பணி எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். படிப்பின் பெயரை நம்புவதைவிட அது நல்லது.

2. கேள்வியைத் திருப்பிப் போடப் பழகுங்கள் (1, 2-ஆம் வாரம்)

சமூகவியல் பார்வை என்று பாடப்புத்தகங்கள் பல பக்கம் எழுதுவது நடைமுறையில் ஒரு பழக்கம்தான். "இவர் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்கும் இடத்தில், "இப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர், எந்தக் கூட்டத்தில் அதிகம், எதில் குறைவு, எந்த ஏற்பாடு அவர்களை இந்தப் பக்கம் தள்ளுகிறது?" என்று கேட்பது. இந்தப் பழக்கம் வராமல் மற்றதெல்லாம் படித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால்தான் இரண்டு வாரம் இதற்கே கொடுங்கள் என்கிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் இதை வேலையின்மையை வைத்து விளக்கினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் பார்ப்பது நியாயம். 5 கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவர் குணத்தையும் ஆராய்ந்து என்ன பயன்? வாய்ப்புகளின் அமைப்பே சரிந்திருக்கிறது. முதலாவது தனிமனிதத் துன்பம், இரண்டாவது பொதுப் பிரச்சினை.

டர்க்கைம் 1897-இல் செய்ததும் இதுதான். தற்கொலையைப் போல அந்தரங்கமான செயல் வேறில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தனித்தனி ஆட்களின் மனநிலையை விட்டுவிட்டு வீதத்தை, அதாவது இத்தனை பேருக்கு இத்தனை என்ற கணக்கைப் பார்த்தார். ஒரு நாட்டில் அந்த வீதம் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபட்டது, மணமானவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் இடையே வேறுபட்டது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க வீதம் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது என்றால், காரணத்தின் ஒரு பகுதியாவது ஆட்களுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

பயிற்சி இது. ஒரு நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்றன்று நீங்கள் பட்ட ஒரு தொல்லை, வலப்பக்கம் அதன் திருப்பிப் போட்ட கேள்வி. "எனக்குத் தூக்கமே சரியாக இல்லை" என்று இடப்பக்கம் எழுதினால், வலப்பக்கம் "இரவுப் பணி செய்கிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், ஒரே அறையில் பலரோடு படுப்பவர்கள், இவர்களில் யாருக்குத் தூக்கம் குறைவு? பணி நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று வரும். நாளுக்கு ஒன்று, 14 நாளுக்கு 14. ஏழாவது எட்டாவது நாளில் கை தானாகவே வலப்பக்கம் போகத் தொடங்கும். அந்த 14-இல் ஒன்றுதான் உங்கள் ஆய்வுக் கேள்வியாக மாறப்போகிறது, அதனால் நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, "எல்லாம் சமூகத்தின் தப்பு, தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லை" என்று போய்விடுவது. வீதத்தைக் கொண்டு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதில் இருக்கும் ஒருவர் நாளை என்ன செய்வார் என்று அது சொல்லாது. இன்னொன்று, "இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே" என்ற நினைப்பு. இதற்குச் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் 1949-இல் கொடுத்த பதில் என்னை உலுக்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் நடத்திய ஆய்வைப் பற்றி எழுதும்போது சில முடிவுகளை வரிசையாகச் சொன்னார். படித்தவர்களுக்கு மனத் தளர்ச்சி அதிகம், போர் முடிந்த பிறகைவிடப் போர் நடக்கும்போது வீடு திரும்பும் ஆசை அதிகம் என்பவை அவற்றில் சில. ஒவ்வொன்றும் "இதைச் சொல்ல ஆய்வு வேறு வேண்டுமா" என்று தோன்றும். பிறகு அவர் சொல்கிறார், அந்த ஆய்வு கண்டது இவை ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானதை. எதிரானதைச் சொல்லியிருந்தாலும் நமக்கு அது தெரிந்ததாகவே பட்டிருக்கும். ஆகவே உங்கள் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடையை இப்போதே தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிவில் ஒப்பிட அது தேவைப்படும்.

3. எதைப் படிப்பது, எவ்வளவு செலவாகும் (3, 4-ஆம் வாரம்)

பணம் செலவழிக்க வேண்டாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் சமூகவியல் அறிமுகப் பாடநூல் ஆங்கிலத்தில் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது, கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். முழுவதும் படிக்காதீர்கள். ஆராய்ச்சி முறை, பண்பாடு, சமூகமயமாதல் (சமூகத்தின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வது), ஏற்றத்தாழ்வு ஆகிய பகுதிகள் போதும். வேறு ஏதாவது பாடநூலின் பழைய பதிப்பு நூலகத்தில் கிடைத்தாலும் சரி. புதிய பதிப்புகளில் பெரும்பாலும் மாறுவது புள்ளிவிவரமும் எடுத்துக்காட்டும்தான்.

அதன் பிறகு ஒரே ஒரு முழு ஆய்வு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படியுங்கள். பத்துச் சுருக்கங்கள் படிப்பதைவிட இது மேல் என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் சுருக்கத்தில் முடிவு மட்டும் இருக்கும், ஆய்வாளர் எங்கே தடுமாறினார், எதை எப்படி எண்ணினார் என்பது இருக்காது. அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1899-இல் வெளியிட்ட ஆய்வு, பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் அவரே வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியது. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இலவசமாகவே கிடைக்கும். கொஞ்சம் நெருக்கமான காலத்தது வேண்டுமென்றால் ஆர்லி ஹோக்ஷைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். சிரித்த முகமும் கனிவும் எப்படிக் கூலி வேலையின் ஒரு பகுதியாகின்றன என்று காட்டுகிறார்.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குக் காசு கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். தலைப்பை அப்படியே தேடினால் ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலோ சோஷ்ஆர்க்கைவ் போன்ற திறந்த களஞ்சியத்திலோ பல நேரம் கிடைத்துவிடும். இல்லையென்றால் ஆசிரியருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள். பதிலுக்கு இரண்டு வாரம் ஆகலாம், அதனால் தேவை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. ஒரே கருத்துக்கு ஒரு நூலில் "சமூகமயமாதல்" என்றும் இன்னொன்றில் "சமூகவயமாக்கம்" என்றும் இருக்கும். "அடுக்கமைவு", "படிநிலை" என்பதும் அப்படித்தான். வெவ்வேறு கருத்துகள் என்று நினைத்து நான் பல நாள் குழம்பினேன். முதல் நாளிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல்லடைவு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பார்த்ததை எழுதப் பழகுங்கள் (5, 6-ஆம் வாரம்)

யாரும் வந்து போகக்கூடிய ஒரு பொது இடம், ஒரு தடவைக்கு 30 நிமிடம், மொத்தம் நாலு தடவை. காத்திருப்பு அறை, மின்தூக்கி, நூலகத்தின் வாசிப்பு மேசை எதுவானாலும் சரி. யார் எங்கே உட்காருகிறார், எவ்வளவு தள்ளி, யார் யாருக்கு வழி விடுகிறார், யார் குரலை உயர்த்தலாம், யாரால் முடியாது என்று பாருங்கள். மின்தூக்கியில் இருப்பவர் புதிதாக ஏறுபவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொள்வார். "உன்னைக் கவனித்தேன், உன்னால் எனக்குப் பயமில்லை, உன்னைத் தொந்தரவு செய்யவும் மாட்டேன்" என்று அந்த ஒரு கணத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். இந்த மரியாதையான கவனமின்மையை 1963-இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதிக் காட்டினார். அதைப் படித்த பிறகுதான், என்னை எல்லோரும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கும் இடங்கள் எவை, அங்கே நான் யாராகப் படுகிறேன் என்று யோசித்தேன்.

குறிப்பை அன்றே விரித்து எழுதுங்கள். அரை மணி நேரப் பார்வைக்கு ஒரு மணி நேர எழுத்து பிடிக்கும். மறுநாளுக்குத் தள்ளினால் நினைவு கதையாகத் திரிந்துவிடும். ஒரு பத்தியில் கண்டதும் கேட்டதும், தனிப் பத்தியில் உங்கள் ஊகம். "அவர் கோபமாக இருந்தார்" என்பது ஊகம். "கோப்பையை மேசையில் தட்டி வைத்தார், பதில் சொல்லவில்லை" என்பது கண்டது. இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் தன் மாணவர்களைத் தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர்போல நடந்துகொள்ளச் சொன்னார், பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. வீட்டார் திகைத்தார்கள், கோபப்பட்டார்கள். எழுதாத விதி எவ்வளவு ஆழமானது என்று அதில் தெரிந்தது. இதைப் படித்ததும் நாமும் விதியை உடைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வரும். வழிநடத்த ஒருவர் இல்லாமல் செய்ய வேண்டாம், எதிரே இருப்பவரின் மனம் நோவது உண்மையான நோவு.

5. நேர்காணல்: முதலில் தாள்கள், பிறகு பேச்சு (7 முதல் 9-ஆம் வாரம்)

என் எட்டு நேர்காணல்கள் போனது இங்கேதான். தெரிந்தவர்கள்தானே என்று எழுத்து ஒப்புதல் வாங்கவில்லை, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவிடமும் முன்கூட்டியே கேட்கவில்லை. பேசிய இருவர் பிறகு பயந்து வேண்டாம் என்றார்கள். குழுவிடம் போனபோது, நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மூன்று மாத உழைப்பு ஒரே நாளில் போனது.

ஆகவே எதையும் பதிவு செய்யும் முன் இவை உங்கள் கையில் இருக்கட்டும்:

- ஒரு பக்கத் தகவல் தாள். நீங்கள் யார், ஆய்வு எதற்கு, எவ்வளவு நேரம் பிடிக்கும், உங்களை எப்படித் தொடர்புகொள்வது. எளிய மொழியில், பங்கேற்பவர் பேசும் மொழியில்.
- ஒப்புதல் படிவம், இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு. கலந்துகொள்வது அவர் விருப்பம், எந்தக் கேள்வியையும் விடலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், குரலைப் பதிவு செய்யலாமா கூடாதா, பதிவு எந்தத் தேதிவரை இருக்கும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.
- பெயர்களையும் புனைபெயர்களையும் இணைக்கும் பட்டியல். இது மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனி இடத்தில்.
- கேள்வி வழிகாட்டி, எட்டு முதல் பத்துக் கேள்விகள்.
- படிப்பில் சேர்ந்தவர் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் சாதாரணம். அதனால் விண்ணப்பத்தை 3-ஆம் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

"ஏன்" என்று கேட்காதீர்கள், "எப்படி" என்று கேளுங்கள் என்பது சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் சொன்ன யோசனை. "ஏன் இரவுப் பணிக்குப் போனீர்கள்?" என்றால் எதிரே இருப்பவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவார். "இரவுப் பணிக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?" என்றால் கதை வரும். யார் சொன்னார்கள், வேறு என்ன வழி இருந்தது, எது கைவிட்டது என்று நீங்கள் கேட்காததும் வரும். நண்பர்களிடம் பேட்டி எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். "அதுதான் உனக்கே தெரியுமே" என்று முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

நேரக் கணக்கில் எல்லோரும் தவறுவது எழுத்தாக்கத்தில். ஒரு மணி நேரப் பதிவை அப்படியே எழுத புதியவருக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். நாலு நேர்காணல் என்றால் கிட்டத்தட்ட மூன்று முழு வேலைநாள். முதல் ஆய்வுக்கு நாலு போதும், பத்து வேண்டாம்.

6. எண்களுக்குப் பயப்படாதீர்கள், ஆனால் சந்தேகப்படுங்கள் (10-ஆம் வாரம்)

புள்ளியியல் பிடிக்காது என்பதால்தான் சமூகவியலுக்கு வந்தேன் என்று சொல்கிறவர்கள் பலர். சதவீதம் போடத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். மக்கள் எவற்றை முக்கியமாக மதிக்கிறார்கள் என்று 1981-இலிருந்து பல நாடுகளில் கேட்டுவரும் வேர்ல்ட் வேல்யூஸ் சர்வேயின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒரே ஒரு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பொறி சதவீதத்தின் திசை. ஒரு கற்பனைக் கணக்கு: ஓரிடத்தில் பகல் பணியில் 900 பேர், இரவுப் பணியில் 100 பேர். தூக்கம் கெட்டவர்கள் பகலில் 90, இரவில் 40. "தூக்கம் கெட்டவர்களில் 69% பேர் பகல் பணியாளர்கள்" என்று ஒருவர் எழுதலாம், கணக்கு சரி. ஆனால் பகல் பணியாளர்களில் 10%, இரவுப் பணியாளர்களில் 40% என்பதுதான் நம் கேள்விக்கு விடை. எந்தக் கூட்டத்தை ஒப்பிடுகிறீர்களோ அதற்குள் சதவீதம் போடுங்கள்.

இரண்டாவது, அதிகம் பேரைக் கேட்டால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் இரண்டே மாநிலங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும். பெயர்களைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள், அன்று அவை வசதியானவர்களிடமே அதிகம் இருந்தன, அதோடு பதில் எழுதியவர்களும் எழுதாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. உங்கள் தொலைபேசியில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பி 300 பதில் வாங்கினாலும் இதே குறைதான்.

மூன்றாவது பொறியில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பொருந்துவதைத் தனி ஆளுக்கும் பொருத்திவிடுவது. 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. அப்படியென்றால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களா? இல்லை, ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவுதான், ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள். வில்லியம் ராபின்சன் 1950-இல் இதை எடுத்துக் காட்டினார். மேலே நான் மெச்சிய டர்க்கைமின் நூலிலேயே, மதங்களை ஒப்பிடும் இடத்தில் பிராந்தியக் கணக்குகளை வைத்து ஆட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்ற விமர்சனம் உண்டு.

7. கோட்பாட்டை இப்போது எடுங்கள் (11-ஆம் வாரம்)

கையில் குறிப்பும் நேர்காணலும் ஓர் அட்டவணையும் வந்த பிறகு கோட்பாடு இனிக்கும். செயற்பாட்டுப் பார்வை இந்த ஏற்பாடு எதை நிலைநிறுத்துகிறது என்று கேட்கும். சமூகவியலாளர் மெர்ட்டன் பிரித்ததுபோல, வெளிப்படையாகச் சொல்லும் பயன் ஒன்று, சொல்லாமல் நடக்கும் பயன் இன்னொன்று. முரண்பாட்டுப் பார்வை, இதனால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று கேட்கும். ஊடாட்டப் பார்வை, இதில் இருப்பவர்கள் இதற்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள் என்று கேட்கும். இரவுப் பணியை மூன்று கேள்வியாலும் தட்டிப் பாருங்கள். மூன்று கட்சிகளில் ஒன்றில் சேர்வதுபோல இதை நடத்தாதீர்கள், உங்கள் தரவைப் பற்றி எது அதிகம் சொல்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

8. எழுதி முடியுங்கள் (12-ஆம் வாரம்)

ஆறேழு பக்கம் போதும். கேள்வி, யாரிடம் எப்படி விசாரித்தீர்கள், என்ன கிடைத்தது, எதைச் சொல்ல முடியாது என்ற நான்கும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் இரண்டு விஷயங்களைத் தேடித் திருத்துங்கள். "சமூகம்" என்ற சொல் எழுவாயாக வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுங்கள். "சமூகம் இதை ஏற்பதில்லை" என்றால் யார் ஏற்பதில்லை? மேலாளரா, அம்மாவா, வீட்டுச் சொந்தக்காரரா? அடுத்து, "படு" சேர்த்து எழுதிய வினைகள். "இரவுப் பணி ஒதுக்கப்பட்டது", "அவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள்" என்று எழுதும்போது செய்தவர் மறைந்துவிடுகிறார். செய்தவரைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இத்தனை வாரம் அலைந்தீர்கள், வாக்கியத்தில் அவரைத் தொலைத்துவிடாதீர்கள். பெயர் தெரியவில்லை என்றால் அது உங்கள் தரவில் ஓட்டை, திரும்பப் போய்க் கேளுங்கள்.

2-ஆவது படியில் தேதி போட்டு எழுதிய எதிர்பார்ப்பை இப்போது எடுத்து முடிவுக்குப் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியது என்று ஒரு பத்தி சேருங்கள். என் இரண்டாவது ஆய்வில் அந்த ஒரு பத்தியைத்தான் வாசித்தவர்கள் அதிகம் கேட்டார்கள். பேசியவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதி வந்ததும் குரல் பதிவுகளை அழியுங்கள், பிரதி வைத்திருந்தால் அதையும்; பெயர்ப் பட்டியலையும் கிழித்துவிடுங்கள்.